உடலோடு ஒட்டிய ஆடை

தடித்த ஆடையே குளிரைத் தடுக்கும் என்று நாம் நம்பியிருந்தோம். ஆதலால் எடின்பரோ கோமகன் விருதுக்கான நடைப்பயணத்திற்கு எம் மகனை அனுப்பியபோது, உள்ளே பருத்திப் பெனியன், அதன்மேல் இரு சட்டைகள், மேலே பெரிய கோட் என அணிவித்தோம். சறேயிலுள்ள பொக்ஸ் ஹில் குன்றில் ஏறுகையில் அவனுக்கு வியர்த்தது. உச்சியில் அமர்ந்ததும் உடல் நடுங்கத் தொடங்கியது. மாலையில் கழற்றிய பெனியன் நனைந்து கிடந்தது. "பருத்தி வேண்டாம்" எனப் பாடசாலை எழுதியனுப்பியதை அதன் பின்னரே ஊன்றிப் படித்தோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும்; அவ்வீரம் உடற்சூட்டைக் கவரும். ஊர் வெயிலில் இதமளித்த அக்குணமே இங்கு பகையாகின்றது. மெரினோ கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும்; பொலியெஸ்ரர் விரைவில் உலரும்.

1933 இல் நோர்வேப் படை அதிகாரி ஹென்ரிக் புறூன் மீன்வலையைக் கொண்டே உள்ளாடை செய்தார். வலைக்கண்களில் தங்கிய காற்றுச் சூட்டைக் காத்தது. வலையை நன்கறிந்த கரையோர மக்களாகிய எமக்கு இச்செய்தி வியப்பளித்தது.

பெற்றோரே, உள்ளாடை உடலோடு ஒட்டியிருக்கட்டும், இறுக்க வேண்டாம். அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலாடை. மாணவச் செல்வங்களே, வியர்க்குமுன் ஓர் ஆடையைக் கழற்றுங்கள். ஓய்வெடுக்கையில் மீண்டும் அணியுங்கள்.

இப்பொழுது நாம் வெளியே புறப்படும்போதெல்லாம், "உள்ளே என்ன போட்டிருக்கிறீங்கள், அம்மா?" என்று எம் மகனே கேட்கின்றான்.