விடத்தல்தீவு: கண்டலும் நண்டும் எமது பெண்களும்

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் பஸ்ஸில் இடப்புற யன்னலோரம் இருந்து பாருங்கள். விடத்தல்தீவை அண்மித்ததும் நிலம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. முதலில் உவர்த்தரவை, அதற்கப்பால் கண்டற்காடு, பின்னர் வற்றும்போது வெளித்தெரியும் சேற்றுத்தரை, கடைசியாகப் பாக்கு விரிகுடாவின் ஆழமற்ற கடல். பெயரில் தீவு இருந்தாலும் இது பெருநிலப்பரப்பிலுள்ள கரையோரக் கிராமமே.

தரவையில் உமரி படர்கிறது. கண்டலின் மிண்டிவேர்களுக்கிடையே இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் பெரிய மீன்களுக்குத் தப்பி வளர்கின்றன. கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்டு தொங்கி, அதன் பின்னரே விழுகிறது. உவர்ச்சேற்றில் விரைவாக வேரூன்ற இது உதவுகிறது. கடலடியில் சாதாழைப் படுக்கைகள் உள்ளன. நீலக்கால் நண்டுக்கும், அருகிவரும் ஆவுளியாவுக்கும் அவை உணவளிக்கின்றன.

மாரி காலத்தில் மன்னார்க் கரையோரச் சேற்றுத்தரைகளுக்குப் பூநாரைகள் வருகின்றன. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சிற்றுயிர்களை வடித்து உண்கின்றன. அவற்றின் செந்நிறம் உணவிலிருந்தே கிடைக்கிறது. குஞ்சுகள் சாம்பல் நிறமானவை.

2008 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, பின்னர் மீளக் குடியேறிய குடும்பங்கள் வீடும் வள்ளமும் வலையும் இழந்தே திரும்பின. கடலும் கண்டலும் மட்டுமே எஞ்சியிருந்தன. வலையில் நண்டு கழற்றுவது, கருவாடு போடுவது என்று குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு இவையே முதல்.

2016 இல் இப்பிரதேசத்தின் 29,180 ஹெக்டேயர் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2024 மே மாதம் அதில் 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி வெளியாகியது. சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை நாடின.

"பண்ணை வந்தால் எங்களுக்கும் வேலை கிடைக்குமே" என்று கேட்கும் சகோதரிகள் உள்ளனர். நியாயமான கேள்விதான். ஆனால் புத்தளத்தையும் பார்க்க வேண்டும். அங்கே 1980களிலும் 90களிலும் கண்டல் அழித்து இறால் குளங்கள் வெட்டப்பட்டன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியதும் பல குளங்கள் கைவிடப்பட்டன. குளத்தைக் கைவிட்டவர்கள் வேறு தொழில் தேடலாம். வெட்டிய கண்டல் உடனே திரும்பி வராது.

எந்தக் கரையோரத்தில் இத்தகைய திட்டம் பேசப்பட்டாலும், உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். கண்டல் வெட்டப்படுமா? கழிவுநீர் எங்கே விடப்படும்? எத்தனை பெண்களுக்கு, என்ன சம்பளத்தில், எவ்வளவு காலத்துக்கு வேலை? பதிலை எழுத்தில் வாங்கிக் கூட்டக் குறிப்பேட்டில் பதிந்து வையுங்கள்.