சிறு துளைக்குப் பின்னே பல கைகள்

கோவை, சென்னை போன்ற நகரங்களில் பெரிய மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகளில் முதலில் கண்ணில் படுவது இயந்திரத்தின் படம். கீழே, தழும்பு தெரியாது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்ற வாக்குறுதிகள். உணவுக்குழாயிலும் இரைப்பையிலும், சிறு துளையில் நுழைக்கும் லேப்ராஸ்கோப் என்ற கேமரா வழியே நடக்கும் அறுவைகளை அரங்குக்குள் நின்று பார்த்தும், அவற்றைச் செய்கிறவர்கள், உடன் நிற்கிறவர்கள், கருவி கழுவுகிறவர்கள் ஆகியோரின் வேலையைக் கவனித்தும் நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. வயிற்றில் போடும் துளையின் அளவை வைத்து இந்தத் தொழிலின் தரத்தை எடைபோட முடியாது. உள்ளே வேலை செய்யும் கைகள் எத்தனை முறை ஒன்றுசேர்ந்து இதைச் செய்திருக்கின்றன என்பதில்தான் நோயாளியின் நலம் இருக்கிறது. அந்தக் கைகளில் பெரும்பாலானவை அறுவை மருத்துவருடையவை அல்ல.

அக்கலேசியா என்ற நோயை எடுத்துக்கொள்வோம். உணவுக்குழாயின் அடிமுனைத் தசை, விழுங்கும்போது தளர மறுக்கிறது. சோறு மட்டுமல்ல, தண்ணீரும் நெஞ்சில் நின்றுவிடும். படுத்தால் தின்றது மேலேறி வரும். ஆள் நாளுக்கு நாள் மெலிந்துபோவார். 1913-இல் ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தத் தசையை நீளவாக்கில் வெட்டித் தளர்த்தினார். 1990-களின் தொடக்கத்தில், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஆல்ஃபிரட் குஷியரியின் குழு அதையே லேப்ராஸ்கோப்பில் செய்து காட்டியது. இன்று வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி, 5 முதல் 12 மில்லிமீட்டர் அகலமுள்ள நாலைந்து துளைகள் வழியே கருவிகளை நுழைத்து, உணவுக்குழாயில் சுமார் 6 சென்டிமீட்டரும் இரைப்பையில் 2 அல்லது 3 சென்டிமீட்டரும் தசையை மட்டும் பிரிக்கிறார்கள். அதற்கு அடியில் இருக்கும் மெல்லிய சவ்வு கிழியக் கூடாது. துளையின் வாய் கருவிக்கு நெம்புமையமாக நிற்பதால், துடுப்புப் போடுவதைப்போல, கை வலப்பக்கம் போனால் நுனி இடப்பக்கம் போகும். விரலால் தொட்டு உணரும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விட்டது. மிச்சமிருப்பது கண். அந்தக் கண்ணும் வேறொருவர் கையில் இருக்கிறது.

கேமரா பிடிக்கிறவரைத்தான் சொல்கிறேன். பெரும்பாலும் மேற்படிப்பு மாணவராகவோ இளம் மருத்துவராகவோ இருப்பார். முப்பது பாகை சாய்ந்து பார்க்கும் தொலைநோக்கியைச் சரியான கோணத்தில் திருப்பி, மருத்துவர் அடுத்து எங்கே வெட்டப்போகிறார் என்பதை முன்கூட்டியே ஊகித்து, மணிக்கணக்கில் கை நடுங்காமல் நிற்க வேண்டும். அவர் ஒரு கணம் அயர்ந்தால் திரையில் உதரவிதானம் சரிந்து தெரியும், மருத்துவரின் கை நின்றுவிடும். உள்ளே உடல்சூட்டில் கண்ணாடி ஆவி படிந்து மங்கினால், கருவி எடுத்துக்கொடுக்கும் சிஸ்டர் ஃப்ளாஸ்க்கில் வைத்திருக்கும் வெந்நீரில் நுனியை முக்கித் துடைத்துத் திருப்பித் தருவார். வீட்டில் காபி ஊற்றி வைக்கிற அதே வகை ஃப்ளாஸ்க்தான். லட்சக்கணக்கில் விலைபோட்டு வாங்கிய கேமராவின் பார்வை அந்த வெந்நீரையும் அந்தச் சிஸ்டரின் கவனத்தையும் நம்பியிருக்கிறது.

எதுக்களிப்பு நோய்க்கான அறுவையில் மயக்க மருந்து மருத்துவரின் கையும் நேரடியாக வேலையில் சேர்கிறது. இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடிமுனையைச் சுற்றி மேல்துண்டுபோல் போர்த்தித் தைக்கும் இந்த முறையை 1955-இல் தொடங்கியவர் ருடால்ஃப் நிஸன். லேப்ராஸ்கோப்பில் செய்து 1991-இல் வெளியிட்டவர் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டலமான். போர்த்தியது இறுகிவிட்டால் நோயாளியால் விழுங்க முடியாது. தளர்ந்துவிட்டால் எதுக்களிப்பு திரும்பும். அளவு பார்க்க, தடித்த ரப்பர் குழாய் ஒன்றை வாய் வழியாக மயக்க மருத்துவர் மெல்ல இறக்குகிறார். அவருக்கு உள்ளே நடப்பது திரையில் மட்டுமே தெரியும். அறுவை மருத்துவருக்கு வாய்ப்பக்கம் தெரியாது. “மெதுவா, இன்னும் கொஞ்சம், நிறுத்துங்க” என்ற சொற்களில்தான் இருவரின் கைகளும் இணைகின்றன. குழாய் ஒரு விரற்கடை தவறிப் போனால் உணவுக்குழாய் கிழியும் ஆபத்து உண்டு. இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவரையொருவர் நெடுநாள் அறிந்திருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பதை எந்த விளம்பரப் பலகையும் எழுதுவதில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று புற்றுநோய் அறுவையில் கிடைக்கிறது. உணவுக்குழாயை அகற்றி, இரைப்பையை ஒடுக்கமான குழாயாக வடித்து, மேலே இழுத்து மிச்சமுள்ள முனையோடு இணைப்பது வயிற்று அறுவைகளிலேயே கடினமானவற்றுள் ஒன்று. குடலுக்கு இருக்கும் வெளியுறை உணவுக்குழாய்க்குக் கிடையாது. தையல் பிடிப்பு குறைவு. இணைப்பு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து நெஞ்சுக்கூட்டுக்குள் கேமரா வழியே 130 பேருக்கு இதைச் செய்த அனுபவத்தை, கோவையின் மருத்துவர் சி. பழனிவேலுவின் குழு 2006-இல் வெளியிட்டது. குப்புறப் படுத்தால் நுரையீரல் தானாகவே முன்பக்கம் சரிந்து வழிவிடும், அதைக் கருவியால் ஒதுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. 2012-இல் லான்செட் இதழில் வந்த ஐரோப்பிய ஆய்விலும் குப்புறப் படுக்கவைத்தே செய்தார்கள். நெஞ்சைத் திறந்து செய்துகொண்டவர்களில் 29 சதவீதத்தினருக்கு முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று வந்தது. துளை வழியே செய்துகொண்டவர்களில் 9 சதவீதம்தான். துளையின் பெருமைக்கு இதைவிட நல்ல எண் வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் நெதர்லாந்து மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட இன்னொரு கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நான்கு மருத்துவமனைகளில் இதே வகை அறுவையைப் புதிதாகத் தொடங்கிய காலத்தை ஆராய்ந்தபோது, கை தேறுவதற்கு 119 அறுவைகள் தேவைப்பட்டன. பயிலும் காலத்தில் இணைப்பு கசிந்தது 18.8 சதவீதம் பேருக்கு. தேறிய பிறகு 4.5 சதவீதம் பேருக்கு. துளை இரண்டு காலத்திலும் ஒரே அளவுதான். மாறியது கைப்பழக்கம். ஆண்டுக்கு 20 உணவுக்குழாய் அகற்றும் அறுவைகளாவது நடக்காத மருத்துவமனையில் அந்த அறுவையே செய்யக் கூடாது என்று 2011 முதல் அந்த நாடு விதி வைத்திருப்பது இந்த உண்மையைத் தெரிந்துதான்.

அரங்கை விட்டு வெளியே, கருவி கழுவும் அறைக்கு வருவோம். பார்வையாளர்கள் வராத அந்த இடத்தில்தான் என் முடிவு உறுதிப்பட்டது. லேப்ராஸ்கோபிக் கருவி நீளமான ஒல்லிக்குழாய்; உள்ளே கம்பி, நுனியில் மூட்டு, மேலே மின்காப்பு உறை. ஒவ்வொரு இடுக்கிலும் ரத்தமும் திசுவும் தங்கும். அவற்றைப் பிரித்து, நொதிக் கரைசலில் ஊறவைத்து, துவாரத்துக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்து, அலசி, உலர்த்தி, ஆட்டோகிளேவில் வைப்பது ஒரு தனித் திறமை. அவசரத்தில் குளூட்டரால்டிஹைடு திரவத்தில் கொஞ்ச நேரம் முக்கிவிட்டு, குழாய்த் தண்ணீரில் அலசி அடுத்த நோயாளிக்கு எடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருந்தது. அதன் விளைவை இந்திய மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. அறுவை நன்றாக முடிந்து புண் ஆறி வீட்டுக்குப் போனவருக்குச் சில வாரங்கள் கழித்துத் துளையிட்ட இடத்தில் கட்டி எழும்பும், உடைந்து சீழ் வடியும். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியாக்கள் காரணம். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அவை கட்டுப்படாது, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். மருத்துவரின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், கழுவியவரின் கை தவறினால் வேதனை நோயாளிக்கு. அப்படியிருக்க, அந்த அறையில் வேலை செய்கிறவர்களை ஒப்பந்தக் கூலியில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

என் வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகள் உண்டு. துளை வழியே செய்தால் புற்றுநோய் முழுதாக அகலுமா என்ற சந்தேகம் முதலாவது. அது வீணான சந்தேகமல்ல. கருப்பைவாய்ப் புற்றுநோயில் துளை வழி அறுவை செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதல் என்று 2018-இல் வந்த பெரிய ஆய்வு மருத்துவ உலகையே நிறுத்தி யோசிக்க வைத்தது. இரைப்பையின் கதை வேறு. தொடக்க நிலை இரைப்பைப் புற்றுநோயில் கொரியாவில் 1,416 பேரிடம் செய்த ஆய்வில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு லேப்ராஸ்கோப்பில் 94.2 சதவீதம், திறந்த அறுவையில் 93.3 சதவீதம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அந்த ஆய்வில் சேர, மருத்துவர் இரு முறையிலும் தலா 50 அறுவைகளாவது செய்திருக்க வேண்டும், மருத்துவமனை ஆண்டுக்கு 80-க்கு மேல் செய்திருக்க வேண்டும். எண் சொல்வது தேர்ந்த கைகளின் பலனை. நேற்றுத் தொடங்கியவருக்கு அதைத் தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்ள உரிமையில்லை. காயத்தின் அளவை வைத்து எடைபோட முடியாது என்பதை, வெளியில் காயமே இல்லாத முறையும் சொல்கிறது. ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008-இல் தொடங்கிய முறையில், அக்கலேசியாத் தசையை வாய் வழியே எண்டோஸ்கோப்பில் வெட்டுகிறார்கள். 2019-இல் வெளியான ஒப்பீட்டில் பலன் ஹெல்லர் முறைக்கு இணையாக இருந்தது, ஆனால் இரண்டாண்டு கழித்து அமிலப் புண் 44 சதவீதம் பேருக்கு. லேப்ராஸ்கோப்பில் 29 சதவீதம். காயம் குறைவது நன்மை, ஆனால் அது மட்டுமே அளவுகோல் ஆகாது.

ரோபோ வந்தபின் கைத்திறன் ஒரு பொருட்டா என்று கேட்பவர்களும் உண்டு. ரோபோவின் மணிக்கட்டு நன்றாக வளைகிறது, நடுக்கத்தை வடிகட்டுகிறது, உண்மை. ஆனால் அதை இயக்கும் மருத்துவர் நோயாளியிடமிருந்து தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். கருவி மாற்றுவதும், ரத்தம் கசிந்தால் முதலில் கைகொடுப்பதும் படுக்கையருகில் நிற்கும் உதவியாளரும் சிஸ்டரும்தான். குழுவின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. அதிகம் செய்யும் இடங்களில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்றால், தர்மபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ ஒரு கூலித் தொழிலாளி சென்னைக்கோ மதுரைக்கோ வர வேண்டும். பயணம், தங்குமிடம், துணைக்கு வருபவரின் இழந்த கூலி எல்லாம் சேரும். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஊருக்கருகில் ஆண்டுக்கு இரண்டு பேருக்குச் செய்கிற மேசையில் இணைப்பு கசிந்தால், அந்தக் குடும்பம் இழப்பது பேருந்துக் கட்டணத்தைவிட மிக அதிகம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்தக் கடினமான அறுவைகளுக்குப் போக்குவரத்தையும் துணையாளின் தங்குமிடத்தையும் முழுதாக ஏற்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் சிலவற்றை இதற்கென ஒதுக்கி, அங்கே அரங்கு சிஸ்டர்களுக்கும் கருவி கழுவும் டெக்னீஷியன்களுக்கும் நிரந்தரப் பணியிடம் கொடுக்கட்டும். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் அறுவை எண்ணிக்கையையும் கசிவுக் கணக்கையும் வெளியிட வேண்டும் என்று சட்டம் வரட்டும்.

அதுவரை நோயாளியும் குடும்பமும்தான் கேட்க வேண்டும். அறுவைக்கு நாள் குறிக்கும் முன், இயந்திரத்தின் பெயரை விட்டுவிட்டு, இந்தக் குழு போன ஆண்டு எத்தனை பேருக்கு இதே அறுவையைச் செய்தது, எத்தனை பேருக்கு இணைப்பு கசிந்தது, கருவிகளை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல மறுக்கும் இடத்தில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.