இரண்டாம் பிரதி

பயாஸ் அப்டேட் பாதியில் நின்றுபோன மடிக்கணினியைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுழலும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். சிலவற்றில் கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு மின்னும். சில தானாக அணைந்து மறுபடி எழும், மறுபடி அணையும். "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பும் கடைகள் ஜொகூர் பாருவிலும் உண்டு. ஆனால் பெரும்பாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிராசசர், மெமரி, டிஸ்க் மூன்றும் நலமாக இருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, எட்டுக் கால் வைத்த ஒரு சில்லில் எழுதியிருந்த பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் நிரல், மட்டும் கெட்டிருக்கும். எழுதியது கெட்டால் திரும்ப எழுதலாம்.

*

அப்டேட் ஏன் இவ்வளவு ஆபத்தான வேலை? ஃபிளாஷ் சில்லில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதும் பைட் பைட்டாக நடக்காது. குறைந்தது 4 கிலோபைட் கொண்ட ஒரு கட்டம் முழுவதும் ஒரே வீச்சில் போகும். அதன் பிறகுதான் எழுத்து. அழித்து முடித்து எழுதத் தொடங்கும் அந்த இடைவெளியில் கரண்ட் போனால் அங்கே பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பிராசசர் கண் விழித்ததும் முதலில் படிக்கத் தேடும் இடமே வெறுமையாக இருந்தால், விசிறியைச் சுற்றுவதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது.

*

நம் ஊர் வானத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், ஏப்ரல் மே வாக்கிலும் அக்டோபர் வாக்கிலும், கூலாய், குளுவாங் பக்கமெல்லாம் பிற்பகலில் இடி இறங்கும். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். நான்கு மணிக்கு வீட்டில் விளக்கு சிமிட்டும். மேசைக் கணினிக்குப் பயாஸ் அப்டேட் போடுவதாக இருந்தால் காலையில் போடுங்கள், யுபிஎஸ் இருந்தால் அதன் வழியே போடுங்கள். மடிக்கணினிக்குப் பேட்டரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும். திரையில் கோடு நகராமல் நிற்பதுபோலத் தெரிந்தாலும் பொத்தானில் கை வைக்க வேண்டாம்.

*

மாசாயிலிருந்து ஓர் அம்மா பழுதுபார்க்க ஒரு மடிக்கணினியோடு என்னிடம் வந்தார். மகள் ஐந்தாம் படிவம், எஸ்பிஎம் தேர்வு எழுதும் வருடம். "தம்பி, ராத்திரி அதுவா ஏதோ அப்டேட் ஆச்சு. காலையில எழுந்து பார்த்தா ஒண்ணுமே வரல. பாப்பா எழுதி வச்சதெல்லாம் இதுலதான் இருக்கு" என்றார். மகள் எழுதியதெல்லாம் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை என்பதைத்தான் அவரிடம் முதலில் சொன்னேன். அப்டேட் கெட்ட வீட்டில் எல்லோருக்கும் முதலில் சொல்ல வேண்டியதும் அதுதான். பயம் தணிந்தால் ஃபார்மேட் பண்ணு, டிஸ்க்கை மாற்று என்று யாராவது சொல்வதைக் கேட்டு இருப்பதையும் இழக்க மாட்டார்கள்.

*

திருகாணியைத் தொடுமுன் செய்து பார்க்க வேண்டியவை உண்டு. பல எச்பி மடிக்கணினிகளில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்திக்கொண்டு பொத்தானைத் தட்டினால் மீட்புப் பகுதி எழும். பல டெல் மாடல்களில் கண்ட்ரோலையும் எஸ்கேப்பையும் அழுத்தியபடி சார்ஜரைச் செருக வேண்டும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதே மாடலுக்கான கோப்பை இன்னொரு கணினியில் இறக்கி, பென்டிரைவில் போட்டுச் செருகி வைத்தால் அதிலிருந்து படித்துக்கொள்ளும். மேசைக் கணினிக்கான சில ஏசுஸ் போர்டுகளில் பின்பக்கம் தனிப் பொத்தானே இருக்கிறது. பிராசசரும் மெமரியும் இல்லாத வெறும் போர்டில்கூட அது வேலை செய்யும். பலர் இவற்றை அறியாமலேயே கணினியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள்.

*

மாசாய்க் கணினி இவற்றுக்கெல்லாம் மசியவில்லை. திறந்தேன். முதல் வேலை பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. அடுத்தது சில்லின் முதுகைப் பூதக்கண்ணாடியில் படிப்பது. 25கியூ128 என்று இருந்தது. 128 என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் 16 மெகாபைட். அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளைத் தவறவிடக் கூடாது. வின்பாண்ட் சில்லாக இருந்தால் எஃப்வி, ஜேவி என்பவை 3.3 வோல்ட் வகை; எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ என்பவை 1.8 வோல்ட் வகை. இரண்டாம் வகைக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் சில்லே போய்விடலாம். சில்லைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஎச்341ஏ என்ற மலிவான புரோகிராமர் கருவி, பழுதுபார்ப்பவர்கள் பலரின் மேசைகளில் கிடக்கிறது. 1.8 வோல்ட் சில்லுக்கு அதோடு தனி அடாப்டர் சேர்க்க வேண்டும்.

சில்லின் ஒரு மூலையில் சிறு புள்ளி இருக்கும். அது முதல் கால். புரோகிராமரைச் சில்லோடு இணைக்கும் கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். கவ்வியதும் எழுதத் தோன்றும். எழுதக் கூடாது, படிக்க வேண்டும். படித்ததைக் கோப்பாகச் சேமித்து, மறுபடி படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். கிளிப் சரியாகக் கவ்வாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். ஒன்றாக வந்தால்தான் அதை நம்பலாம்.

*

கெட்டுப்போனதை ஏன் சேமிக்க வேண்டும் என்று கேட்பார்கள். முழுவதும் கெடவில்லை என்பதால்தான். அந்த 16 மெகாபைட்டுக்குள் பயாஸ் மட்டும் இல்லை. இன்டெல் கணினியாக இருந்தால் தொடக்கத்தில் பகுதிகளின் வரைபடம், பிறகு மேனேஜ்மென்ட் எஞ்சின், பிறகுதான் பயாஸ். அந்தக் கணினியின் வரிசை எண்ணும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு விற்கும் கணினிகளில் அதன் சாவியையும் அங்கேதான் பதிக்கிறார்கள். எங்கிருந்தோ கிடைத்த வேறொரு கணினியின் கோப்பை அப்படியே கொட்டினால் திரை எழும். ஆனால் வரிசை எண்ணும் விண்டோஸ் சாவியும் அடுத்தவருடையதாக இருக்கும்.

ஆகவே தயாரிப்பாளரின் கோப்பிலிருந்து பயாஸ் பகுதியை மட்டும் எடுத்து, படித்து வைத்த கோப்பில் கெட்ட இடத்தில் பொருத்தி, மற்றதைத் தொடாமல் எழுதினேன். எழுதியபின் மறுபடி படித்துச் சரிபார்த்தேன். முதல் முறை எழும்போது கணினி மெமரியைப் புதிதாகப் பரிசோதிக்கும். சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும், இடையில் அணைந்தும் எழும். அந்த நேரத்தில் பொறுமை வேண்டும். அந்தக் கணினி எழுந்தது.

*

பயாஸ் அப்டேட்டால் மட்டும் கெடுவதில்லை. 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் முந்தைய ஆண்டு எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று உலகெங்கும் பல கணினிகளின் பயாஸை அழித்தது. ஆசியாவில் அடி பலம். அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் பயாஸ் சில்லு சாக்கெட்டில் செருகியிருக்கும். அதே வகைப் போர்டு ஒன்றை இயக்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நல்ல சில்லைப் பிடுங்கி, செத்த சில்லை அதே சாக்கெட்டில் செருகி எழுதுவார்கள். துணிச்சலான வேலை, ஆனால் பலித்தது. இன்று பெரும்பாலும் சில்லைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். சாக்கெட்டோடு வீட்டுக்காரர் கையிலிருந்த ஒரு வழியும் போய்விட்டது.

*

2017 டிசம்பரில் உபுண்டு இயங்குதளத்தின் 17.10 பதிப்பின் தரவிறக்கத்தை நிறுத்தி வைத்தார்கள். அதன் கெர்னலில் இருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவர், லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளின் பயாஸ் சில்லைப் பூட்டிவிட்டது. அமைப்புகளை மாற்றினால் நிலைக்கவில்லை. பென்டிரைவிலிருந்து துவக்கவும் முடியவில்லை. திருத்திய கெர்னலை ஒருமுறை ஓடவிட்டதில் பலருக்குப் பூட்டு திறந்துகொண்டது. பயாஸ் அப்டேட்டே போடாதவர்களுக்கும் இது நேர்ந்தது.

*

ஒரு வேண்டுகோள்: அப்டேட்டுக்கு முன், விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். 48 இலக்கங்கள். பயாஸை மீட்டபின் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். அது இல்லாவிட்டால் கணினி பிழைக்கும், உள்ளே இருப்பது கிடைக்காது. அதே கணினியில் சேமித்து வைப்பதில் பயனில்லை. தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

*

செடெனாக், கூலாய் பக்கம் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அத்தகைய மையங்களுக்கென்று செய்யும் பல சர்வர்களில் பயாஸ் போன்ற ஃபெர்ம்வேருக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து எழும். 2013இல் மலேசியப் பள்ளிகளுக்கென்று அறிவித்த குரோம்புக்கிலும் இந்த ஏற்பாடு உண்டு: எழுதவே முடியாதபடி பூட்டிய ஒரு பகுதி, அதற்கு மேல் மாற்றி மாற்றி எழுத இரண்டு பகுதிகள். கிகாபைட் நிறுவனம் மேசைக் கணினிப் போர்டுகளில் இரண்டு சில்லு வைத்துப் பல காலம் ஆகிறது. அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிர்ணய நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, ஃபெர்ம்வேரைக் காப்பது, கெட்டதைக் கண்டுபிடிப்பது, மீட்பது என மூன்றையும் கேட்கிறது. வழி தெரியாமல் யாரும் இல்லை. இரண்டாவது சில்லுக்கு ஆகும் செலவு சில வெள்ளி.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து, தவணையில் ஒரே ஒரு கணினி வாங்கிய குடும்பத்துக்குத்தான் அந்த இரண்டாம் பிரதி மற்றவர்களைவிட அவசியம். மலிவான மாடல்கள் பலவற்றில் இல்லாததும் அதுதான். கேட்காமலே இரவில் அப்டேட்டை அனுப்பும் நிறுவனம், அது தவறினால் வீட்டிலிருந்தே திரும்பிவர ஒரு வழியையும் வைத்து விற்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. காசு கொடுத்தவருக்குச் சேர வேண்டியது.

*

தூக்கி எறிவதற்கும் விதி இருக்கிறது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டுக் கழிவு ஒழுங்குமுறைப் பட்டியலில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ110 என்ற எண்ணில் வருகிறது. குப்பைத் தொட்டியில் சேர்க்கக் கூடாது. சில நூறு கிலோபைட் எழுத்து கெட்டதற்காக ஒரு முழுக் கணினியை அந்தப் பட்டியலுக்கு அனுப்புவது அநியாயம்.

*

அடுத்த முறை கணினி வாங்கும்போது மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று கேட்டபின் இன்னொன்றும் கேளுங்கள்: "பயாஸ் கெட்டால் நானே மீட்க வழி இருக்கிறதா? எந்த விசை?" விற்பவருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பதிலைக் கணினியின் அடிப்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.