கடைமடை

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடந்தே கடந்துவிடக்கூடிய ஒரு மணல்திட்டின் மேல் வீடு, பள்ளிவாசல், சந்தை, மையவாடி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. புத்தகங்கள் மட்டக்களப்பு வாவி என்று எழுதுவதை நாங்கள் ஆறு என்றே சொல்வோம். வடக்கே பங்குடாவெளிப் பக்கமிருந்து தெற்கே கல்முனை வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஆறு அது. மேற்கிலிருந்து வருவதையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் மிச்ச நீரும், கல்லோயா இடதுகரை வயல்களின் வடிச்சலும் இங்கேதான் வந்து சேருகின்றன. எனவே எங்கள் வீட்டு முற்றத்தில் தண்ணீர் ஏறுமா என்பது எங்கள் ஊரில் பெய்யும் மழையை மட்டும் பொறுத்த விடயமல்ல. எங்கோ மேலே யாரோ திறக்கும் கதவையும் பொறுத்தது.

அந்த 'மேலே' என்பது எங்கள் பேச்சில் பெரும்பாலும் இங்கினியாகலதான். கல்லோயாவுக்குத் தமிழில் பட்டிப்பளை ஆறு என்று பெயர். அம்பாறைக்கு மேற்கே, குன்றுகளுக்கிடையில் அதை மறித்துக் கட்டியதே சேனநாயக்க சமுத்திரம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியதோடு வேலை தொடங்கியது. அமெரிக்காவின் மொரிசன் நட்சன் கம்பனி கட்டிக் கொடுத்தது. அணையின் நீளம் ஏறக்குறைய 3,600 அடி. கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் வயலில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் குன்றுகளுக்குள் எவ்வளவு பெரிய கடல் அடைபட்டுக் கிடக்கிறது என்பது விளங்கும். வயலுக்கு விடும் நீரைக் கொண்டே அங்கு மின்சாரமும் எடுக்கிறார்கள், ஏறக்குறைய 11 மெகாவாற். 210 மெகாவாற் கொண்ட விக்டோரியாவின் பக்கத்தில் வைத்தால் இது ஒரு குப்பி விளக்கு. ஆனால் அதன் நீரைக் குடித்துத்தான் சம்மாந்துறையிலும் இறக்காமத்திலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் வெள்ளாமை விளைகிறது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. நீர் அந்த எல்லைக் கோட்டைக் கண்டதில்லை.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாரி இரவில், "இங்கினியாகல உடைஞ்சிட்டாம்" என்றொரு சேதி தெருவுக்கு வந்தது. பிள்ளைகளையும் நகைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு சனங்கள் வெளியே இறங்கினார்கள். கடற்கரைக்குப் போனவர்களும் ஆற்றங்கரைக்குப் போனவர்களும் நடு வீதியில் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். உம்மா என்னைக் கையில் பிடித்தபடி வாப்பாவைக் கூப்பிட்டா. அவர் திண்ணையை விட்டு எழும்பவில்லை.

"ஓடுறதெண்டா எங்க ஓடுற மகன்? அங்கால கடல், இங்கால ஆறு" என்றார்.

சுபஹுக்குப் பிறகுதான் அது பொய்யென்று தெரிந்தது. யார் சொன்னது என்று எவருக்கும் தெரியவில்லை. இன்று எண்ணிப் பார்க்கையில் அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று. உண்மையாகவே உடைந்திருந்தால் அதை எங்களுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்த அச்சத்தைப் பாமரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி, விடிவதற்கு முன்னர், கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். ஏப்ரல் எங்கள் மாரி மாதமல்ல. மண்ணணைக்கு எதிரி வெள்ளம் மட்டுமல்ல. கட்டுக்குள்ளே கசியும் நீர் மண்ணை அரித்துத் தனக்கென்று ஒரு வழி செய்துகொண்டால், வானம் தெளிந்திருக்கும் நாளிலும் கட்டுப் போய்விடும். ஆகவே யாராவது தினமும் கட்டில் நடந்து பார்க்க வேண்டும். ஈரம் எங்கே, கறையான் புற்று எங்கே, கசியும் நீர் தெளிவா கலங்கலா என்று குறித்து வைக்க வேண்டும். 2008இல் உலக வங்கியின் உதவியோடு நாட்டில் அணைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது நல்ல காரியமே. ஆனால் கட்டைப் பலப்படுத்துவது பாதுகாப்பின் ஒரு பாதிதான்.

மறு பாதி குளத்தை எவ்வளவு நிரப்புவது என்பதில் இருக்கிறது. சிறுபோகத்துக்கு நீர் வேண்டும், மின்சாரத்துக்கும் வேண்டும், ஆகவே குளம் நிறைய வேண்டும். வெள்ளத்தை ஏந்திக்கொள்ள இடம் வேண்டும். ஆகவே குளத்தில் கொஞ்சம் வெறுமை இருக்க வேண்டும். ஒரே விவசாயி ஒக்டோபரில் குளம் நிரம்ப துஆக் கேட்பான், ஜனவரியில் வான் பாயாதிருக்க துஆக் கேட்பான். 2011 ஜனவரியில் பெய்த அடைமழையில் குளங்கள் நிரம்பி வழிந்தன. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பெரும்போக வெள்ளாமை அறுவடைக்கு முன்பே நீருக்குள் அழுகிப்போனது.

அப்படிப்பட்ட நாட்களில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் நீர் ஓடும். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையில் போக்குவரத்து அறுந்துவிடும். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில், வீதியைக் குறுக்கறுத்து ஓடிய வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தைப் புரட்டிப் போட்டது. அதில் இருந்தவர்கள் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சிறுவர்கள். அவர்களுடைய ஜனாஸாக்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்த அந்த நாட்களை இந்தப் பகுதி மறக்காது. மழை நீரென்றும் குளத்து நீரென்றும் தாழ்நிலம் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாம் ஒன்றாகவே வரும். எந்த வீதி எந்த மணிக்கு மூழ்கும் என்ற சேதி மட்டும் அதற்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

வந்த நீர் போவதற்கும் ஒரு கதவு இருக்கிறது. அது மண்ணால் ஆனது. கோடையில் கடல் கொண்டுவந்து போடும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். வெள்ளம் ஏறும்போது வயல்காரர்கள் ஆற்றுவாயை வெட்டச் சொல்வார்கள். வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று தோணிக்காரர்கள் மறுப்பார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. கச்சேரியில் எடுக்கும் முடிவு ஒரு நாள் பிந்தினால் ஒருவனுக்கு வெள்ளாமை போகும், ஒரு நாள் முந்தினால் மற்றவனுக்குத் தொழில் போகும்.

பெருநாள் காலத்தில் நாங்களும் மேலே போகிறவர்கள்தாம். புரியாணிச் சட்டியை வானில் ஏற்றிக்கொண்டு இங்கினியாகலவுக்குப் போவது கரையோரத்துக் குடும்பங்களுக்குப் பழகிப்போன சந்தோசம். படகில் போனால், கல்லோயா தேசிய பூங்காவின் யானைகள் துதிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்துவதைக் காணலாம். பிள்ளைகள் அதை வருசம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆனால் நீந்தத் தெரியாத பிள்ளைக்கும் மிதவை அங்கி மாட்டாமல் படகு ஏற்றுகிறோம். அணைக்குக் கீழே குளிப்பது இன்னும் ஆபத்து. மழையே இல்லாத பகலில் முழங்கால் அளவு ஓடும் நீர், மேலே கதவு திறந்தால் கொஞ்ச நேரத்தில் கழுத்துக்கு வரும். நாங்கள் குளிக்கப் போன ஒரு குளக்கட்டில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. அதில் தமிழ் இல்லை. என் மச்சானின் மகன் அதை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா போட்டிரிக்கி?" என்று கேட்டான். அவனுக்குப் பக்கத்தில் எங்கள் பையன்கள் ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருந்தார்கள்.

நீரில் மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் இடையிலான வழக்கு எங்கள் மார்க்கத்துக்குப் புதிதல்ல. மதீனாவில் வாய்க்கால் நீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் பிணக்கு எழுந்தபோது நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த சம்பவம் ஹதீஸ் கிரந்தங்களில் உண்டு. மேலே இருப்பவர் முதலில் பாய்ச்சலாம். பாய்ச்சியதும் கீழே விட்டுவிட வேண்டும். உபரி நீரைத் தடுத்து வைப்பதும் விலக்கப்பட்டிருக்கிறது. ஸூரா ஸபாவில் வரும் வெள்ளமோ, பெரிய அணையும் தோட்டங்களும் இருந்த ஒரு சமூகத்தின் கதை.

இந்த நீதி இதே கல்லோயாவில் ஒருமுறை நடைமுறையிலும் காணப்பட்டது. 1981இல் இடதுகரை வாய்க்கால்களைத் திருத்தும் வேலையில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்திருந்தன. விவசாயிகளை ஒன்றுசேர்க்க இளைஞர்கள் களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். குளத்தில் கால்வாசி நீரே இருந்த காலம் அது. தலைமடைச் சிங்கள விவசாயிகள் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்த நீரைக் கடைமடைக்கு அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்த இடங்களில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்தார்கள். அதே பள்ளத்தாக்கு 1956இல் இனக் கலவரத்தில் இரத்தம் கண்டது என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் இதன் பெறுமதி விளங்கும்.

கோடையில் நீரைப் பங்கிட முடிந்த மனிதர்களுக்கு மாரியில் சேதியைப் பங்கிடுவது முடியாத காரியமல்ல. எத்தனை கதவு, எத்தனை அடி, எந்த ஊருக்கு எத்தனை மணியில் நீர் வரும் என்பதைத் திறப்பதற்கு முன்பே இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். கேட்டதும் ஊருக்குச் சொல்லப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கிறது, கோயில் மணி இருக்கிறது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இன்று வயல்காரரும் அதிகாரிகளும் உட்காருகிறார்கள். ஆற்றில் தோணி விடுகிறவனையும் தாழ்நிலத்தில் குடியிருக்கிறவனையும் அங்கே கூப்பிட வேண்டும். நீர் கடைசியாக வந்து நிற்பது அவர்கள் வாசலில்தான்.