வானில் பலூன்கள், தரையில் துணைவர்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகெர்க்கி நகரில் ஆண்டுதோறும் அக்டோபர் திங்களில் 9 நாட்கள் வெப்பக்காற்றுப் பலூன் விழா நடைபெறுகின்றது. 1972-ஆம் ஆண்டு 13 பலூன்களுடன் தொடங்கிய அவ்விழாவில் இன்று நூற்றுக்கணக்கானவை வானேறுகின்றன.

பொழுது புலருமுன்னரே மக்கள் குளிரில் நடுங்கியவாறு திடலில் திரள்கின்றனர். முதலில் சில பலூன்கள் மட்டும் இருளில் அகல்விளக்குகளெனச் சுடர்ந்து எழுகின்றன. மேலே காற்று வீசும் விதத்தை அவை காட்டிய பின்னர், கதிரவன் தோன்றும் வேளையில் ஏனையவை தீச்சுடரின் இரைச்சலோடு நிமிர்ந்து, அணியணியாக எழும்புகின்றன.

பலூனுக்குச் சுக்கான் இல்லை. உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்கினால் ஏறும், ஆறவிட்டால் இறங்கும். அவ்வளவே ஓட்டுநரின் கையில் உள்ளது. ஆயினும் இங்கே பல காலை வேளைகளில் தாழ்வான காற்று தெற்கேயும் உயரத்துக் காற்று வடக்கேயும் செல்வதால், உயரத்தை மாற்றியே புறப்பட்ட இடத்தருகே மீள்வோரும் உண்டு.

ஆபத்தும் உண்டு. விழாக்காலமன்று எனினும், 2021 ஜூன் 26 அன்று இந்நகரிலேயே ஒரு பலூன் மின்கம்பியில் மோத, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். ஆதலின் விழாவில் சிவப்புக் கொடி ஏறினால், எத்தொலைவிலிருந்து வந்தவரும் பறப்பதில்லை.

ஒவ்வொரு பலூனையும் தரையில் ஒரு குழு வண்டியில் பின்தொடர்கின்றது; எவர் நிலத்தில் அது இறங்கினாலும் தேடிச் சென்று சேர்கின்றது. இதைக் கண்டபோது நம் பெற்றோரை எண்ணினேன். பிழைப்பு நாடிப் பறந்த பிள்ளைகளைத் திருப்பும் கயிறு அவர்கள் கையில் இல்லை. செபத்தோடு பின்தொடரவும், இறங்கும் இடத்தில் கடிந்துரையாமல் கைகொடுக்கவும் அவர்களால் இயலும். அதுவும் இறைவன் அளித்த அழைத்தலே.