ஆசிரியர் அறைச் சிரிப்பு

"ம்மா, இவங்க பாடமே நடத்த மாட்டாங்களா?"

என் மகள் கேட்டாள். மூன்றாம் படிவம் படிக்கிறாள். பள்ளி விடுமுறையில் அலமாரியைத் துடைக்கும்போது ‘டீச்சர்ஸ்’ முதல் பருவத்தின் டிவிடி கிடைத்தது. இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது பெட்டியில் சுமந்து வந்தது. நல்லவேளை, பழைய பிளேயர் இன்னும் ஓடியது. ஒரு பாகம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அவள் அப்படிக் கேட்டாள். ஆசிரியர்கள் புகைபிடிக்கிறார்கள், பப்புக்குப் போகிறார்கள், யார் யாரோடு படுத்தார்கள் என்று பேசுகிறார்கள், முதல்வரிடமிருந்து ஒளிகிறார்கள். மணி அடிக்கிறது. வகுப்பு தொடங்கும்போது காட்சி மாறிவிடுகிறது. "நடத்துவாங்க, அத காட்ட மாட்டாங்க" என்று சொல்லிச் சமாளித்தேன்.

இங்கு இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். 2001 மார்ச்சில் பிரிட்டனின் சேனல் 4-இல் தொடங்கி, 2004 வரை நான்கு பருவங்கள் ஓடியது. உருவாக்கியவர் டிம் லோன். பிரிஸ்டல் நகரில் எடுத்தார்கள். சம்மர்டவுன் என்ற கற்பனைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் புது ஆசிரியர் சைமன் கேசிதான் மையப் பாத்திரம். நடித்தவர் ஆண்ட்ரூ லிங்கன். பிறகு ‘தி வாக்கிங் டெட்’டில் துப்பாக்கியும் தாடியுமாக உலகம் முழுக்கத் தெரிந்தாரே, அதே மனிதர். இதில் அவர் சைக்கிளில் பள்ளிக்கு வரும் மெலிந்த இளைஞர். கூட்டாளிகள் இரண்டு பேர்: உடற்கல்வி ஆசிரியர் பிரையன், கணினி ஆசிரியர் கர்ட். மூன்று பேருக்கும் மனவயது பதினைந்துதான். இவர்களுக்கு நடுவில் உளவியல் கற்பிக்கும் சூசன் மட்டும் ஓரளவு பெரிய மனுஷி. யாருக்கு என்ன பிரச்சனை என்றாலும் அவளிடம்தான் போய் நிற்பார்கள்.

தொடரில் எனக்கு அன்றும் இன்றும் பிடித்த சங்கதி வேறு. கதை நடக்கும்போது பின்னணியில் யாரும் கண்டுகொள்ளாத விசித்திரங்கள் நடந்துகொண்டிருக்கும். நடைபாதையில் ஆடு போகும். கழுதை நிற்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இன்று என்ன கிழமை என்பதையும் எழுத்தாகத் திரையில் ஒட்டாமல், காட்சியில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளின்மேல் எழுதி வைத்திருப்பார்கள். திங்கள் எங்கே என்று தேடுவதே எங்களுக்கு ஒரு விளையாட்டு. இப்போது இருபது ஆண்டுக்கும் மேல் பள்ளியில் இருந்துவிட்டேன். அந்தக் கழுதை மிகையே அல்ல என்று சத்தியம் செய்வேன்.

‘எங்களுக்கு’ என்றது ஐந்து பேரை. ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்காகக் கல்வி அமைச்சு இங்கிலாந்துக்கு அனுப்பிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஒரே வீட்டில் ஐந்து பெண்கள், ஒரே ஹீட்டர், ஒரே டிவி. சோறு வடித்து, கொண்டுபோன நெத்திலியை வறுத்து, தட்டோடு வந்து உட்கார்வோம். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் காட்டப்பட்ட ஆசிரியர் ஒருவர். தொலைக்காட்சியில் கண்ட ஆசிரியர் இன்னொருவர். முதலாமவர் பாடநோக்கத்தை வெண்பலகையில் எழுதிவிட்டு மூச்சுவிடுவார். இரண்டாமவர் நேற்றிரவுக் குடியின் தலைவலியோடு வகுப்புக்குள் நுழைந்து, மாணவர்களிடம் புத்தகத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பார். எங்களுக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆசிரியர் பற்றாக்குறை. 2000-இல் அரசாங்கம் ஆட்சேர்ப்பு விளம்பரம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. முடியாதவர்கள்தான் கற்பிக்க வருவார்கள் என்ற பெர்னார்ட் ஷாவின் பழைய கிண்டலைத் தலைகீழாக்கி, முடிந்தவர்கள் கற்பிக்கிறார்கள் என்றது விளம்பரம். ‘ஆஃப்ஸ்டெட்’ என்ற ஆய்வுத்துறை வந்து ஏறக்குறைய பத்தாண்டு ஆகியிருந்தது. நாங்கள் பார்வையிடப் போன பள்ளியில் அந்தப் பெயரைச் சொல்லும்போது ஆசிரியர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். தேர்வு முடிவுகளை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தும் பட்டியல் நாளிதழ்களில் வரும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் சைமனின் கூட்டம் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும். மேலிருந்து ஒரு சமூகமே ஆசிரியரைப் பார்த்து ‘பொறுப்பு, பொறுப்பு’ என்று கத்தும்போது, பள்ளிக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிகரெட் பிடிக்கும் ஆசிரியர்களைக் காட்டுவது ஒரு வகையில் பதில்தான். நம்மிடம் ‘சாட்டை’ மாதிரி படங்கள் உண்டு. ஒரே ஓர் ஆசிரியர் வந்து பள்ளியையே திருத்திவிட்டுக் கண்ணீரோடு கிளம்புவார். ஆசிரியர் அறைக்குள் போனால் அப்படி ஒருவரையும் எனக்குக் கண்ணில் பட்டதில்லை. சைமன்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

2003-இல் எனக்குப் பேராக்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் போஸ்டிங் கிடைத்தது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடத்தப்பட வேண்டும் என்று அரசாங்கம் கொண்டுவந்த அதே ஆண்டு. மலாயிலேயே இருபது வருடம் அறிவியல் நடத்திய மூத்த ஆசிரியர்கள், நேற்று வந்த எங்களிடம் வந்து உச்சரிப்பு கேட்பார்கள். எங்களுக்குத் தலைக்கனம் ஏறியது. ‘எங்களுக்கு’ என்றால் இந்தத் தடவை நான்கு பேர். நான், ஒரு சீன ஆசிரியை, இரண்டு மலாய் ஆசிரியர்கள். எல்லாருக்கும் வயது இருபத்தைந்துக்குக் கீழே. மூலையில் நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டுக்கொண்டோம். என்னிடம் இருந்த இதே டிவிடிதான் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. யார் சைமன், யார் பிரையன் என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டோம். என்னை சூசன் என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மூலை என்னைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வருடம் எந்த ஆசிரியருக்கும் பாதி நாள் அழுகைதான். ரெலிஃப் வகுப்பு, பதிவுப் புத்தகம், புறப்பாடம், போட்டி விளையாட்டு, சனிக்கிழமை கூட்டம். பிற்பகல் இரண்டு மணிக்கு, மேலே விசிறி ஓடாத வகுப்பில், நாற்பது பிள்ளைகள். திரும்பி வந்து மூலையில் விழுந்தால், யாராவது ஒரு கரிப்பாப்பை நீட்டி, முதல்வரைப் போல் நடந்து காட்டுவார்கள். சிரித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போக முடியும். சிரிக்காமல் இருந்திருந்தால் நான் அந்த மார்ச்சிலேயே ராஜினாமா எழுதியிருப்பேன்.

எங்கள் சிரிப்புக்கு முக்கியமான தீனி, கட்டுரைப் புத்தகங்கள். மாணவர்கள் எழுதும் ஆங்கில வாக்கியங்களை உரக்கப் படிப்போம். இது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான், யாரும் மறுக்க மாட்டார்கள்.

இரண்டாம் படிவத்தில் ஒரு பையன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன். பின் வரிசை, பேச மாட்டான். ஆனால் எழுதுவான். ஒரு பக்கம் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவான், அதுவும் பேனாவை அழுத்தி, அடுத்த தாளிலும் தடம் விழும்படி. பள்ளி விடுமுறையைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். அவன் முதல் வரி: ‘ஐ ஃபாலோ மை ஃபாதர் லாரி.’

நான் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று, மேசையைச் சுற்றி ஓடிக் காட்டினேன். அப்பா லாரி ஓட்டுகிறார், இவன் பின்னாலேயே நாய் மாதிரி ஓடுகிறான், ஈப்போவரைக்கும். நாக்கையும் தொங்கப் போட்டேன் என்று நினைக்கிறேன். மூலை வெடித்துச் சிரித்தது. மலாய் ஆசிரியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவர் முகம் மாறியது. திரும்பினேன். வாசலில் அவன் நின்றிருந்தான். வகுப்பில் நான் மறந்து வைத்துவிட்டு வந்த பென்சில் பையைக் கொண்டுவந்திருந்தான்.

"டீச்சர், இது உங்களது."

மேசையில் வைத்துவிட்டுப் போனான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

இதில் கேவலம் என்னவென்றால், அந்த வாக்கியம் எனக்குப் புரியாத வாக்கியமே இல்லை. ‘கூடப் போனேன்’ என்பதற்கு நம் ஊரில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறோம். மலாயில் ‘ஈக்கோட்’. அதை அப்படியே ஆங்கிலத்தில் ‘ஃபாலோ’ ஆக்கிக்கொண்டோம், அங்கிருந்து தமிழுக்கும் வந்துவிட்டது. என் அம்மா இன்றைக்கும் "நீ கடைக்குப் போறியா, நானும் ஃபாலோ பண்றேன்" என்பார். இங்கிலாந்துக்குப் போன முதல் வாரத்தில் நானே பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் ‘கேன் ஐ ஃபாலோ யூ?’ என்று கேட்டு, அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை இரண்டு வருடம் பொத்தி வைத்திருந்து, பதினான்கு வயதுப் பையனின் தலையில் இறக்கியிருக்கிறேன்.

அவன் பள்ளியை விட்டு ஓடிவிடவில்லை. அழவில்லை. கட்டொழுங்கு ஆசிரியரிடம் போகும்படி எதுவும் செய்யவில்லை. அடுத்த கட்டுரையை எழுதினான். கேட்டது நூற்று இருபது சொற்கள். நூற்று இருபதுதான் இருந்தன. மெதுவாக எழுதப்பட்ட, பிழையில்லாத, சிறிய வாக்கியங்கள். பேனாவின் தடம் பின் தாளில் இல்லை. வருடக் கடைசியில் அவன் மதிப்பெண் கூடியிருந்தது. பெற்றோர் சந்திப்பில் அவன் அப்பாவிடம் "நல்ல முன்னேற்றம்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் சட்டையில் டீசல் வாசம் அடித்தது.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்டால் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யார் என்றுகூட நினைவில்லை. அடுத்த ஆண்டு அவன் காலை நேரப் பிரிவுக்கு, வேறு ஆசிரியரிடம் போனான். அதற்கடுத்த ஆண்டு எனக்கு மாற்றல் வந்தது.

இந்த விடுமுறையில் மகளோடு தொடரைப் பார்த்தபோது நான் சைமனை அதிகம் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பார்த்தேன். ‘கிரேஞ்ச் ஹில்’ என்று அதே நாட்டில் ஒரு தொடர், 1978-லிருந்து முப்பது ஆண்டு பிபிசியில் ஓடியது. அது பிள்ளைகளின் கதை. அங்கே ஆசிரியர்கள் சுவரோடு சுவராக இருப்பார்கள். ‘டீச்சர்ஸ்’ அதைத் திருப்பிப் போட்டது. புத்திசாலித்தனமான திருப்பம்தான், மறுக்கவில்லை. பெரியவர்கள் பிள்ளைகளாக நடந்துகொள்ள, பிள்ளைகள் அவர்களை அலுப்போடு பொறுத்துக்கொள்கிறார்கள். பின்னாளில் பெரிய ஆளான ஜேம்ஸ் கார்டன்கூட இதில் ஒரு மாணவர்தான், இருபதைத் தாண்டிய வயதில் சீருடை போட்டுக்கொண்டு. நகைச்சுவை முழுவதும் அந்தப் பொறுமையின் மேல்தான் நிற்கிறது. மாணவன் பொறுத்துக்கொள்வான், முதல்வர் திட்டுவார், மாலையில் பப் திறந்திருக்கும், மறுநாள் வேறொரு பொருளின்மேல் வேறொரு கிழமை எழுதப்பட்டிருக்கும்.

தொடரைக் குறை சொல்லவில்லை. அது ஒரு கேலிச்சித்திரம், பாடத்திட்டம் அல்ல. இன்றும் சில இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். பெல் அண்ட் செபாஸ்டியனின் தொடக்கப் பாட்டு வந்ததும் பழைய வீட்டின் ஹீட்டர் வாடையே வந்தது. ஆனால் ஆசிரியர் அறையின் கதவு தட்டப்படும் காட்சி ஒவ்வொன்றிலும் எனக்கு வயிறு ஒரு தரம் இழுத்தது. மகள் கவனித்துவிட்டாள்.

"என்னாம்மா?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன், நாக்கைத் தொங்கப் போட்டது உட்பட. அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அவளுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவள் கட்டுரையும் எங்கோ ஓர் அறையில் திறந்து கிடக்கும். பிறகு,

"சரி, லாரில எங்க போனான்?" என்று கேட்டாள்.

இரண்டு பக்கம் எழுதியிருந்தான். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மதிப்பெண் போட்டிருக்கிறேன், ‘ஃபாலோ’வை அடித்து மேலே சிவப்பில் ‘வென்ட் வித்’ என்று எழுதியதுகூட நினைவிருக்கிறது. அதற்குக் கீழே உள்ளதை நான் படிக்கவில்லை.