எழுதாத ஒரு வரி

என் தாயாருக்கு எழுத்தறிவு கிடையாது. ஆயினும் மளிகைக் கடையில் நெய்யோ தேனோ வாங்கும்போது, புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ‘அக்மார்க்’ முத்திரையைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு வேராக இருப்பது வேளாண் விளைபொருள்களைத் தரம் பிரித்துக் குறியிடும் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் என்பதை, நான் ஆசிரியப் பணிக்கு வந்த பின்னரே அறிந்தேன். அவருக்குச் சட்டம் எதற்கு? ‘சர்க்கார் பார்த்திருக்கிறது’ என்பதே போதுமானதாயிருந்தது.

முத்திரைக்கு மறுபுறம் நிற்பது எத்தகையது என்பதை ஓய்வுபெற்ற பின்னர்க் கற்றுக்கொண்டேன்.

தந்தையார் விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் நஞ்சையில் பாடுபடுகிறவன் என் தம்பி. நம்மாழ்வார் மறைவதற்கு முன் அவரது பேச்சை ஒருமுறை நேரில் கேட்டு வந்தவன். அன்று முதல் அவனுக்குள் ஓர் ஆசை கனன்றுகொண்டிருந்தது. 2020-இல் அங்ககச் சான்றுக்குப் பதிவு செய்தோம். நடுவணரசு 2001-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் விதிகளே இதற்கு அடிப்படை. தமிழக அரசும் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு, 2007 முதல் இதற்கென ஓர் அமைப்பை நடத்தி வருகிறது.

சான்று உடனே கிடைத்துவிடாது. நெல் போன்ற ஓராண்டுப் பயிர்களுக்கு, விதைப்புக்கு முன்பே இரண்டாண்டுகள் நிலம் இரசாயனம் தொடாமல் இருக்க வேண்டும். பலாண்டுப் பயிர்களுக்கோ, முதல் அறுவடைக்கு முன் மூன்றாண்டுகள். இதனை மாறுதல் காலம் என்பர். இக்காலத்தில் விளைச்சல் குறையும். குறைந்த விளைச்சலும் சாதாரண விலைக்கே போகும். பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து காற்றில் வந்து படியாதிருக்க வரப்போரம் இடைவெளி விட வேண்டும். நிலத்தில் இட்டது எது, தெளித்தது எது, வாங்கியது எங்கே என்று நாள்தோறும் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேடு என் பொறுப்பு. பள்ளி வருகைப் பதிவேட்டைப் போல் அடித்தல் திருத்தமின்றி எழுதி வந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இரண்டாம் ஆண்டுச் சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு இறங்கியது. நான் மகளின் பேறுகாலத்தையொட்டிச் சென்னையில் இருந்தேன். ஐந்திலைக் கரைசலுக்கு அது கட்டுப்படவில்லை. ஒரு நாள் மாலை, யாரும் பாராத நேரத்தில், தம்பி கடை மருந்தை வாங்கி அடித்துவிட்டான். நான் ஊர் திரும்பி பத்து நாள் சென்ற பின்னரே சொன்னான்.

“எழுத வேணாம் அண்ணே. ஒரு தடவைதானே?”

அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது. சில மாதங்கள் கழித்து நெல்லைப் பரிசோதித்தால் எதுவுமே தென்படாமல் போகலாம். ஆனால் அங்ககச் சான்று நெல்மணியைப் பற்றியது மட்டுமன்று. அது விளைந்த வழியைப் பற்றியது. அந்த வழிக்குச் சாட்சி, வாசகரே, என் கையெழுத்து ஒன்றுதான். எழுதினால் தம்பியின் உழைப்பு ஈராண்டு பின்னே போகும். அவன் மகளின் கல்லூரிக் கட்டணம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. நான் எழுதவுமில்லை, பொய்யாக வேறெதையும் அங்கே நிரப்பவுமில்லை. ஒரு வரியை வெற்றாக விட்டு, அடுத்த நாளிலிருந்து தொடர்ந்தேன். அதுவும் ஒருவகைப் பொய்யே என்று தெரிந்துதான் செய்தேன்.

ஆய்வாளர் வந்த காலையில் திண்ணையில் அமர்ந்து பதிவேட்டைப் புரட்டினார். வெற்று வரியில் அவர் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட எனக்கு வாய் திறக்கவில்லை.

தம்பி எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போனான். திரும்பி வந்து, கூரையில் செருகி வைத்திருந்த காலி மருந்துப் புட்டியை அவர் முன்னே வைத்தான்.

“நான் அடிச்சதுங்க. அண்ணன் அப்ப ஊர்ல இல்லை.”

ஆய்வாளர் கடிந்துகொள்ளவில்லை. மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த நாளிலிருந்து கணக்கு மறுபடி தொடங்கும் என்று மட்டும் சொன்னார். தம்பி தலையசைத்துவிட்டு, மோர் கொண்டுவர உள்ளே போனான்.

நான் பேனாவைத் திறந்து, வெற்றாக விட்டிருந்த வரியில் தேதியை எழுதினேன்.